அணைக்காமல் வைத்த வீடியோ கேம் பெட்டி

எங்கள் வீட்டில் ஒரு பெட்டிக்காக ஒரு வாரத்துக்கு மேல் சண்டை நடந்தது. பெரிய பெட்டியெல்லாம் இல்லை. டிபன் பாக்ஸைவிடக் கொஞ்சம் பெரியது. பழைய காலத்து வீடியோ கேம். மேலே ஒரு பிளவு இருக்கும், அதில் கேசட்டைச் சொருக வேண்டும். முன்னால் வயரோடு இரண்டு கைப்பிடிகள். இதை ஆனிலேயே விட்டு வைத்தால் உள்ளே இருக்கும் சாமான்கள் கெடுமா கெடாதா என்பதுதான் சண்டை. கெடும் என்றேன் நான். அணைத்தால்தான் கெடும் என்றாள் என் மனைவி. அவனவன் வரப்புக்கும் வாய்க்காலுக்கும் அடித்துக்கொள்கிறான். நாங்கள் இதற்கு அடித்துக்கொண்டோம். சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும்.

எனக்குச் சட்டென்று கோபம் வரும். மெஷின் விஷயத்தில் இன்னும் சீக்கிரம் வரும். கும்மிடிப்பூண்டியில் இரும்புக் கம்பி உருட்டும் மில்லில் எலக்ட்ரீஷியனாக இருக்கிறேன். காலையில் கேட்டுக்குள் கால் வைத்ததும் எவனாவது ஒருவன் மோட்டாரை எரித்து வைத்துவிட்டு, "தானா நின்னுச்சிண்ணா" என்பான். எதுவும் தானாக நிற்காது. சூடேறும், நாறும், சத்தம் போடும், எல்லா விதத்திலும் சொல்லிப் பார்க்கும். யாரும் கேட்காவிட்டால்தான் நிற்கும். இந்தப் பொய்யைக் கேட்டுக் கேட்டே என் வாய் கெட்டுப்போய்விட்டது.

பெட்டி கிடைத்தது எங்கள் மில்லுக்குப் போகும் வழியில் இருக்கும் காயலான் கடையில். பிய்ந்த கீபோர்டு, உடைந்த மிக்சி, அதற்குக் கீழே இது. தூக்கிப் பார்த்தேன். கேசட்டும் சொருகியபடியே இருந்தது. ஒரே கேசட்டில் நூற்றுக்கணக்கான ஆட்டம் என்று மேலே படம் போட்டு எழுதியிருப்பார்கள். உள்ளே இருப்பது ஐந்தோ ஆறோதான். அதையே பெயரை மாற்றி மாற்றிப் போட்டு ஏமாற்றியிருப்பான். அந்தத் திருட்டுத்தனத்தைப் பார்த்ததும் ஒரு பாசம் வந்துவிட்டது. வீட்டுக்கு எடுத்து வந்தேன். அறுந்திருந்த வயரை ஒட்டினேன், அடாப்டர் ஒன்று கண்டுபிடித்தேன், பின்களைத் துடைத்தேன். ஓடியது.

நான் இரண்டு நாள் ஆடிவிட்டு விட்டுவிட்டேன். பிடித்துக்கொண்டது அவள்.

அவள் வேலை பார்ப்பது பிளாஸ்டிக் மூடி செய்யும் கம்பெனியில். மோல்டிங் மெஷின் ஆப்பரேட்டர். கதவைத் திற, மூடியை எடு, பிசிறை வெட்டு, கதவைச் சாத்து. விடியற்காலை ஷிப்டு முடிந்து மதியம் வீட்டுக்கு வருவாள். வந்ததும் சோறு வடித்துவிட்டு, கைப்பிடியைத் தூக்கிக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவாள். அந்தக் கேசட்டில் ஒரு குட்டி மனிதன் இருந்தான். கையில் தீப்பந்தம். ஒவ்வொரு கோட்டையாக ஏறி, அங்கே அணைந்திருக்கும் விளக்கை ஏற்றிவிட்டு அடுத்த கோட்டைக்குப் போக வேண்டும். வழியெல்லாம் வௌவால். அவ்வளவுதான் கதை.

"இதுல இன்னா கீதுன்னு இப்பிடி குந்திகினு கீறே?" என்று ஒருநாள் கேட்டேன்.

"முடியுது இல்ல?" என்றாள்.

"இன்னாது?"

"கடைசியா ஒரு கோட்டை கீது. அத்த ஏத்திட்டா முடிஞ்சிது. நான் காலைலேர்ந்து மூடி போடறேன். எந்த மூடியாவது கடைசி மூடியா? சொல்லு. ஒண்ணையாவது முடிச்சிட்டு இன்னா வருதுன்னு பாக்கணும்யா."

நான் கம்பி உருட்டுகிறவன். கடைசிக் கம்பி என்று ஒன்றை நானும் பார்த்ததில்லை. 

சிக்கல் என்னவென்றால், இந்தப் பழைய பெட்டிகளுக்கு ஞாபகம் கிடையாது. போனில் ஆடும் ஆட்டம் மாதிரி விட்ட இடத்திலிருந்து தொடர முடியாது. அணைத்தால் மறுபடியும் முதல் கோட்டை, முதல் வௌவால். சமையல், துணி, தண்ணீர் லாரி என்று அவளுக்கு ஒரே மூச்சில் உட்கார நேரம் ஏது? அதனால் ஆட்டத்தைப் பாதியில் நிறுத்தி வைத்துவிட்டு டிவியை மட்டும் அணைப்பாள். பெட்டி ஆனிலேயே இருக்கும். முன்பக்கத்தில் கடுகு அளவுக்கு ஒரு சிவப்பு லைட், ராத்திரி பகலாக எரிந்துகொண்டிருக்கும். இப்படி விட்டு விட்டு ஆடியே கடைசிக் கோட்டையின் வாசல்வரை போய்விட்டாள். அங்கே நிறுத்திவிட்டாள். குட்டி மனிதனுக்கு ஒரே ஓர் உயிர்தான் மிச்சம். ஷிப்டு முடிந்து வரும்போது கை நடுங்குகிறதாம். ஆயுத பூஜை லீவில் கை ஓய்ந்த பிறகு ஆடுவதாக முடிவு. அதுவரை யாரும் தொடக்கூடாது.

லீவுக்கு ஒரு வாரத்துக்கு மேல் இருந்தது. பெட்டியைத் தொட்டுப் பார்த்தேன். புறங்கையை வைத்ததும் எடுத்துவிட்டேன்.

"ஏய், கொதிக்குதுடி."

"கொதிக்கட்டும்."

"உள்ள கண்டென்சர் காஞ்சிடும்."

கண்டென்சர் என்பது உருளையாக, சின்ன மாத்திரை டப்பா போல இருக்கும். கரண்டை ஒரு மிடறு பிடித்து வைத்துக்கொண்டு, வரவு குறையும்போது அதைக் கொடுத்துச் சமாளிக்கும். அதன் உள்ளே ஈரம் இருக்கிறவரைதான் அது பிடித்து வைக்கும். சூட்டிலேயே கிடந்தால் ஈரம் கொஞ்சம் கொஞ்சமாக வற்றும். வற்றிவிட்டால் பார்க்கக் கண்டென்சர் மாதிரியேதான் இருக்கும், வேலைதான் நடக்காது. இப்படிப்பட்ட ஆட்களை மில்லிலும் பார்த்திருக்கிறேன். இதையெல்லாம் அவளுக்குப் பொறுமையாகத்தான் விளக்கினேன். எனக்குத் தெரிந்த பொறுமை அவ்வளவுதான்.

அவள் கேட்டுவிட்டு, "குண்டு பல்பு எப்ப பீஸ் போவும்?" என்றாள்.

"அதுக்கு இன்னா?"

"சொல்லு. எரிஞ்சிகினு இருக்கசொல்ல போவுமா? சுச்சைப் போடசொல்ல பட்டுனு போவும். ஓடறது ஓடிகினே இருக்கும். நிறுத்தி ஏத்தறதுலதான் எல்லாம் போவுது. எங்க மெஷின்ல ஹீட்டரை அணைச்சா உள்ள பிளாஸ்டிக் ஒறைஞ்சிடும். மறுபடி ஏத்தறதுக்குள்ள தாலி அந்துடும். ஏத்தினதும் வர்ற மூடி எல்லாம் ரிஜெக்ட்டு."

"இது மோல்டிங் மெஷின் இல்லடி."

"சரி, உங்க மில்லு பர்னஸை என்னிக்காவது அணைச்சிக்கீறீங்களா?"

இங்கேதான் மாட்டிக்கொண்டேன். எங்கள் உலையை அணைக்க மாட்டார்கள். ஆறினால் உள்ளே பதித்திருக்கும் செங்கல் வெடித்துவிடும். வேலை இல்லாத நாளிலும் தீயைக் குறைத்து வைப்பார்களே தவிர, நிறுத்த மாட்டார்கள்.

"அது செங்கல்லு. ஆறினா வெடிக்கும்."

"இதுவும் அப்பிடித்தான்னு வெச்சிக்கோ."

"இதுல செங்கல்லு எங்கடி கீது?"

"எனுக்கு இன்னா தெரியும்? நீதானே தொறந்து பாத்தே."

மறுநாள் வேலை முடிந்து வீட்டுக்குத் திரும்பும் லோக்கல் ரயிலில் இதைச் சொல்லித் தொலைத்தேன். சொல்லியிருக்கவே கூடாது. ரயில் பெட்டியில் பாதிப் பேர் ஏதாவது ஒரு மெஷினை ஓட்டுகிறவர்கள், மீதிப் பேர் மெஷினை ஓட்டுகிறவர்களை ஓட்டுகிறவர்கள். சோழவரத்துக்காரர் ஒருவர் போர் மோட்டார் நிறுத்தி வைத்துத்தான் இறுகிப்போனது என்றார். இன்னொருவர் தன் மச்சான் ஃபிரிட்ஜை ஊருக்குப் போகும்போது அணைத்துவிட்டுப் போனதாகவும், வந்து பார்த்தால் அது ஓடவே இல்லை என்றும் சொன்னார். செட் டாப் பாக்ஸை அணைக்காமல் விட்டு வெந்துபோன கதை ஒன்று எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தது. பொன்னேரியில் நான் இறங்கும்போது ரயில் பெட்டி இரண்டு கட்சியாகப் பிரிந்திருந்தது. என் கட்சியில் ஆள் குறைவு.

உண்மையைச் சொல்வதென்றால் இரண்டு பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. ஆன் செய்யும் அந்த ஒரு கணத்தில் கரண்ட் குபீரென்று பாயும். பலவீனமான சாமான் அப்போது போகும். அந்தக் காலத்துச் சுவிட்சும் தள்ளித் தள்ளியே தேயும். ஆனிலேயே கிடந்தால் சூட்டில் காயும். ஒன்று அடித்துக் கொல்வது, இன்னொன்று பட்டினி போட்டுக் கொல்வது. எதில் சீக்கிரம் சாகும் என்பதுதான் கேள்வி. ஆனால் இதை அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் பாதி ஒப்புக்கொண்டாய் என்று முழுசாக எடுத்துக்கொள்வாள்.

இதற்கு நடுவில் என் அம்மா. ஒருநாள் சாயங்காலம் நான் வீட்டுக்கு வந்தால், பெட்டிமேல் தேங்காய்ப்பூத் துண்டு ஒன்று போர்த்தியிருக்கிறது. நாலாக மடித்து, ஓரத்தைச் சொருகி.

"யார் வேலை இது?"

"நான்தான் நைனா," என்றாள் அம்மா பெருமையாக. "ராவும் பகலும் தொறந்து கெடக்குதே, தூசி பூந்துட்டா இன்னா பண்ணுவா அவ?"

"துண்டு போட்டு மூட இது இன்னா இட்லிக் குண்டானா? ஏற்கெனவே வெந்துகினு கீது, நீ வேற தம் போடறியா?"

"இன்னாத்துக்குடா கத்தறே? நல்லதுக்குத்தானே போட்டேன்."

துண்டை உருவினேன். கை வைக்க முடியவில்லை. டேபிள் ஃபேனை எடுத்து வந்து பெட்டிக்கு நேராக வைத்தேன். அன்று முதல் வீட்டில் மனிதர்களுக்குக் காற்று இல்லை. கேட்டால் மனைவி சொல்வாள்: "நீங்க எழுந்து வெளிய போலாம் அத்தை. அது எங்க போவும்?"

கரண்ட் போவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் தெருவில் அடிக்கடி போகும். ஆனால் வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது, நான் போட்டது. கரண்ட் போனதும் டக் என்று ஒரு சத்தம், அது பேட்டரிக்கு மாறிக்கொள்ளும். மாறும் இடைவெளியில் ஃபேன் ஒரு சுற்று தடுமாறும். பெட்டி தடுமாறாது. அந்தக் கணத்துக்கு வேண்டியதைக் கண்டென்சர் பிடித்து வைத்திருக்கும் அல்லவா? ஒவ்வொரு முறையும் அவள் ஓடிப்போய் டிவியைப் போட்டுப் பார்ப்பாள். குட்டி மனிதன் தீப்பந்தத்தோடு கோட்டை வாசலிலேயே நிற்பான். "பாத்தியா? காஞ்சிடுமாமே?" என்று என்னைப் பார்த்துச் சிரிப்பாள்.

பூஜைக்கு முந்தின வாரம் அந்தப் படத்தில் ஒரு மாற்றம் பார்த்தேன். குறுக்கே இரண்டு மங்கலான பட்டைகள், கீழிருந்து மேலே மெதுவாக ஏறிக்கொண்டிருந்தன.  கண்டென்சர் களைத்துவிட்டால் இப்படித்தான் பட்டை ஓடும்.

"சொல்லுது பாரு," என்றேன். "போவப் போறேன், போவப் போறேன்னு சொல்லுது."

"ரெண்டு கோடுதானே. கோட்டைக்குப் பார்டர் போட்ட மாதிரி நல்லாத்தான் கீது."

"ஓட்டத்துலயே பின்னாடி ஒரு புது கண்டென்சரை ஒட்டிப் பாக்கட்டா?"

அவள் எழுந்து பெட்டிக்கும் எனக்கும் நடுவில் நின்றுகொண்டாள். "ஓடற மெஷின்ல கை வெக்காதேன்னு ஊருக்கெல்லாம் சொல்றவன் நீ. வெச்சிப்பாரு, தெரியும்."

வைக்கவில்லை. அவள் சொன்னது சரி. அதனால் இன்னும் கோபம் வந்தது.

பூஜை வந்தது. எங்கள் பக்கத்தில் தீபாவளியைவிட இதுதான் பெரிய நாள். தொழிற்பேட்டை முழுக்க மெஷின்களை நிறுத்தி, எண்ணெய் அழுக்கைத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, பொரியும் சுண்டலும் கொடுப்பார்கள். கம்பெனிப் பூஜை முந்தின நாளே முடிந்துவிட்டது. அவள் கம்பெனியில் பிளாஸ்டிக் உருகும் மெஷின் பேரலை முழுசாகக் காலி செய்துவிட்டு ஹீட்டரை அணைத்தார்கள். எங்கள் மில்லில் உலையைச் சிறு தீயில் எரியவிட்டு அதன் கதவுக்குப் பொட்டு வைத்தார்கள். வீட்டுப் பூஜை மறுநாள். பூஜையில் வைத்த பொருளை அன்று முழுக்கத் தொடக்கூடாது. விஜயதசமி காலையில் கற்பூரம் காட்டிய பிறகுதான் எடுக்கலாம். இது அம்மாவின் சட்டம்.

அம்மா காலையிலேயே ஆரம்பித்துவிட்டாள். அரிவாள்மணை, அவளுடைய பழைய கதிர் அரிவாள், என் ஸ்க்ரூ டிரைவர்கள், மீட்டர், சோல்டரிங் அயர்ன், மனைவி பிசிறு வெட்டும் கத்தி எல்லாம் வரிசையாக வந்தன. வாசலில் ஸ்கூட்டர், சக்கரத்துக்குக் கீழே எலுமிச்சம்பழம்.

"அந்தப் பொட்டியையும் அணைச்சி எடுத்தாந்து வெய்யி," என்றாள் அம்மா.

"அணைக்கக் கூடாது அத்தை," என்றாள் மனைவி. "ஓடிகினே இருக்கட்டும்."

"ஓடறதுக்கு எந்த ஊர்ல பூஜை போடுவாங்க?"

"இவங்க மில்லுல. பர்னஸ் எரிய எரியத்தான் பொட்டு வெச்சாங்க. கேளுங்க உங்க புள்ளைய."

அம்மா என்னைப் பார்த்தாள். நான் சாட்சிக் கூண்டில் நிற்பது போல, "ஆமா" என்றேன். என் வாயாலேயே.

ஒரு வழியாகப் பேசி முடித்தார்கள். பெட்டி இருந்த இடத்திலேயே ஆனில் இருக்கும், பொட்டு மட்டும் வைக்கப்படும், ஆட்டம் நாளைக்குத்தான். மனைவி விடவில்லை. "அப்ப டிவிக்கும் பொட்டு வையுங்க" என்றாள். அம்மாவுக்குச் சாயங்கால சீரியல் உயிர். டிவி ஆயுதம் இல்லை என்று வாதாடிப் பார்த்தாள். பெட்டி ஆயுதமென்றால் டிவியும் ஆயுதம்தான் என்று தீர்ப்பாகிவிட்டது. அம்மா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு டிவியின் நெற்றியில் பெரிய பொட்டாக வைத்தாள்.

நான் குளித்துக்கொண்டிருந்தேன். டக் என்று ஒரு சத்தம். ஹாலில் ஃபேன் தடுமாறியது கேட்டது. கரண்ட் போய்விட்டது என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் ஒரு டக். ஈரத்தோடு வெளியே வந்தால், அம்மா மெயின் போர்டுக்கு முன்னால் நின்று அதன் கதவில் பொட்டு வைத்துக்கொண்டிருக்கிறாள். கையில் ஈரத் துணி.

"இன்னா பண்ணே?"

"போர்டைத் தொடைச்சேன்."

"அதுக்கு முன்னாடி?"

"மெயினை எறக்கினேன். தொடைச்சதும் ஏத்திட்டேன்." முகத்தில் அவ்வளவு திருப்தி. "நீதானே வருசா வருசம் கத்துவே? மெயினை எறக்காம ஈரத் துணி வெக்காதே, செத்துடுவே, செத்துடுவேன்னு. அதான் இந்த வாட்டி ஒயுங்கா எறக்கிட்டுத் தொடைச்சேன்."

கல்யாணத்துக்கு முன்பிருந்து நான் கத்திக்கொண்டிருந்தேன். ஒரு வருடமும் அவள் கேட்டதில்லை. கேட்பதற்கு இந்த வருடத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறாள்.

மனைவி பெட்டிக்கு முன்னால் நின்றிருந்தாள். முகம் ஒரு மாதிரி இருந்தது.

"லைட்டு ஒரு தபா மினுக்குனு அணைஞ்சி எரிஞ்சிதுய்யா," என்றாள். "எப்பவும் அப்பிடி அணையாதே."

"இப்ப எரியுதா?"

"எரியுது."

"அப்ப கரண்ட் கீது. ஆட்டம் கீதான்னு லைட்டு சொல்லாது. டிவி போட்டாத்தான் தெரியும்."

இரண்டு பேரும் டிவியைப் பார்த்தோம். அதன் நெற்றியில் பொட்டு ஈரமாகப் பளபளத்தது.

"தொட்டீங்க, அப்பறம் நான் மனுசியா இருக்க மாட்டேன்," என்றாள் அம்மா பின்னாலிருந்து. "நான் மட்டும் சீரியல் பாக்கக் கூடாதுன்னு பேசசொல்ல நல்லா இனிச்சிது இல்ல?"

மீட்டரை வைத்தாவது அடாப்டரில் என்ன வருகிறது என்று பார்க்கலாமா என்று யோசித்தேன். மீட்டருக்கும் பொட்டு வைத்தாயிற்று. என் வீட்டில் அன்று சந்தேகத்தைத் தீர்க்கக்கூடிய எல்லாப் பொருளும் சாமியாகிவிட்டன.

அன்றைக்கு மீதிப் பொழுது போன விதத்தை என்னவென்று சொல்ல? மூன்று பேரும் ஹாலில் உட்கார்ந்து பொரி தின்றோம். எதிரே ஓடாத டிவி, ஓடுகிற பெட்டி, அதற்கு மட்டும் ஃபேன். மனைவி அந்தச் சிவப்பு லைட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருப்பவர்களைப் போல இருந்தோம். நடுநடுவே அவள் கேட்பாள்:

"போயிருக்குமா?"

"தெரியாது."

"நீதானே எலக்ட்ரீஷியன்?"

"எலக்ட்ரீஷியன்தான். குறி சொல்றவன் இல்ல."

கொஞ்சம் கழித்து அம்மா, "அப்பிடி இன்னாதான் ஆயிடும்? மறுபடி ஆடினா போச்சி" என்றாள். மனைவி தட்டில் இருந்த பொட்டுக்கடலையை மட்டும் பொறுக்கிப் பொறுக்கித் தின்றாள். அவள் பேசாமல் இருந்தால் எனக்குப் பயம். திட்டினால் பதிலுக்குத் திட்டலாம், பேசாமல் இருக்கிறவளை என்ன செய்வது? ஒரு வாரமாக நான் சொல்லக் காத்துக்கொண்டிருந்த வார்த்தை ஒன்று இருந்தது, "சொன்னேன் இல்ல?" என்று. அது தொண்டை வரைக்கும் வந்து பொரியோடு உள்ளே போய்விட்டது.

விஜயதசமி காலையில் அம்மா கற்பூரம் காட்டினாள். எடுத்த பொருளை ஒரு தடவையாவது உபயோகிக்க வேண்டும் என்பதும் அவள் சட்டம். நான் டெஸ்டரை ப்ளக்கில் வைத்துப் பார்த்தேன். மனைவி கத்தியால் ஒரு நூலை அறுத்தாள். பிறகு ரிமோட்டை எடுத்து டிவியைப் போட்டாள்.

பட்டைகள் ஓடின. நடுவில் ஆட்டங்களின் பட்டியல் நின்றிருந்தது. கேசட்டைச் சொருகி முதன்முதலாக ஆன் செய்யும்போது வருமே, அந்தத் திருட்டுப் பட்டியல்.

மனைவி ரிமோட்டைக் கீழே வைத்தாள்.

"ரிஜெக்ட்டு," என்றாள். 

இனி அணைப்பதில் நஷ்டமில்லை. நானே சுவிட்சைத் தள்ளினேன். பெட்டியைப் புரட்டித் திறந்தேன். தேட வேண்டிய அவசியமே இருக்கவில்லை. பெரிய கண்டென்சரின் தலை எண்ணெயில் போட்ட பூரி போல உப்பியிருந்தது. கழற்றி அவள் உள்ளங்கையில் வைத்தேன்.

"இதுவா?"

"இதுதான். ஈரம் வத்திடுச்சி. மெயின் எறங்கி இன்வெர்ட்டர் வர்றவரைக்கும் தாங்கல."

"அப்ப நீ சொன்னதுதான் சரி."

இதற்காகத்தான் ஒரு வாரம் தொண்டை கிழியக் கத்தினேன். வந்துவிட்டது. வாங்கிப் போட்டுக்கொள்ள முடியவில்லை.

"முழுசா சரின்னு சொல்ல முடியாது," என்றேன். "இது காயலான் கடை பெட்டி. எத்தினி வருசத்துச் சரக்கோ. வர்றப்பவே பாதி காஞ்சிருக்கும். மீதிய இந்தச் சூடு காய வெச்சிது."

"அணைச்சி அணைச்சி ஆடியிருந்தா?"

"கண்டென்சர் இன்னும் கொஞ்ச நாள் இருந்திருக்கும். உன் கோட்டை இருந்திருக்காது."

"அப்ப இந்தக் கண்டென்சரைக் காப்பாத்தி வெச்சிகினு இன்னா பண்றது? பூஜையில வெக்கறதா?" என்றாள். சொல்லிவிட்டு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அம்மாவும் சிரித்தாள். குற்றவாளி சிரிக்கிறாளே என்று எனக்குக் கோபம் வந்தது. பிறகு நானும்தான் சிரித்தேன், வேறென்ன செய்ய?

என் டப்பாவில் அதே அளவில் புதுசு ஒன்று இருந்தது. பொட்டு வைத்த சோல்டரிங் அயர்னால் ஒட்டினேன். மூடி போட்டு ஆன் செய்தேன். படத்தில் ஒரு பட்டைகூட இல்லை, துடைத்துவிட்டது மாதிரி இருந்தது.

"குந்து," என்றேன். "முதல் கோட்டைலேர்ந்து ஆடு. இன்னிக்கி லீவு. சோறு நான் வடிக்கறேன். ஒரே மூச்சுல ஆடு, பாதியில விடாதே."

"நீ வடிச்சா கஞ்சி ஆவுமே."

"கஞ்சி குடி."

அவள் உட்கார்ந்தாள். இத்தனை நாள் தட்டுத் தடுமாறி ஏறிய கோட்டைகளை அன்றைக்குச் சும்மா நடந்து ஏறினாள். எங்கே வௌவால் வரும், எங்கே தரை உடையும் என்று விரலுக்கே தெரிந்திருந்தது. சமையலறையிலிருந்து கேட்டால் அம்மாவின் குரல்தான் பெரிதாகக் கேட்டது. "அடி! பின்னால வரான் பாரு! ஐயோ, குனிடி!" சீரியலுக்குக்கூட அவள் இப்படிக் கத்தியதில்லை. கரண்ட் போகக் கூடாது என்று நான் எந்தச் சாமியிடமும் வேண்டவில்லை. இன்வெர்ட்டர் பேட்டரிக்கு மட்டும் தண்ணீர் இருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்தேன்.

மதியம் தாண்டிக் கடைசிக் கோட்டைக்கு வந்துவிட்டாள். இந்த முறை மூன்று உயிர் மிச்சம் இருந்தது. இரண்டை உள்ளே பறிகொடுத்தாள். மூன்றாவதில் உச்சிக்குப் போய்ப் பந்தத்தை நீட்டினாள். விளக்கு எரிந்தது. நானும் கரண்டியோடு வந்து நின்றுவிட்டேன்.

திரை கறுத்தது. ஓர் ஓரத்தில் ஆங்கிலத்தில் ஒரே ஒரு வரி வந்தது. நன்றாக ஆடினாய் என்று. வேறு படமில்லை, பாட்டில்லை. எங்கள் மில்லில் பரிசு கொடுக்கும்போது மேனேஜர் சொல்வாரே, அதைவிடச் சின்னதாக இருந்தது. அது மறைந்ததும் குட்டி மனிதன் தீப்பந்தத்தோடு முதல் கோட்டையின் வாசலில் மறுபடியும் வந்து நின்றான். எல்லா விளக்கும் அணைந்திருந்தது. வௌவால் மட்டும் கொஞ்சம் வேகமாகப் பறந்தது.

மூன்று பேரும் வாயைத் திறந்தபடி இருந்தோம்.

"இன்னாய்யா இது?" என்றாள் மனைவி. "இவனும் அடுத்த ஷிப்ட்டுக்குக் கெளம்பிட்டான்?"

"முடிஞ்சிதா?" என்றாள் அம்மா.

"முடிஞ்சிது அத்தை."

"அப்ப நேத்து விட்ட சீரியலை மறுபடி போடுவான், வெய்யி."

மனைவி கைப்பிடியைக் கீழே வைத்தாள். எழுந்துபோய் அவளே பெட்டியை அணைத்தாள். பெட்டி இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து அவள் அந்தச் சுவிட்சைத் தள்ளி நான் பார்த்ததே இல்லை. சிவப்பு லைட் போனது. ஃபேனைத் திருப்பி அம்மா பக்கம் வைத்தாள். பிறகு நான் வடித்த சோற்றைப் பார்த்துவிட்டு, கஞ்சியேதான் என்றாள்.

மறுநாள் அவளுக்கு வழக்கத்தைவிட முன்னாடியே போக வேண்டியிருந்தது. ஆறிப்போன மெஷினுக்கு ஹீட்டர் போட்டுக் காத்திருக்க வேண்டும். முதலில் வரும் மூடிகளை எல்லாம் கழித்துக் கொட்ட வேண்டும். அவள் போன பிறகு பெட்டியைத் தொட்டுப் பார்த்தேன். புறங்கையை வைத்து எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் எடுக்காமல் இருக்கலாம், அவ்வளவு ஜில்லென்று இருந்தது. மெஷினுக்கு அதுதான் நல்லது. எனக்கு என்னவோ பிடிக்கவில்லை. சுவிட்சைப் போட்டேன்.